அணில் பல் பட்ட கொய்யா

அருவிக்காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி கொய்யாத் தோப்பு வைத்திருந்தாள். மரத்தடியைக் கொத்திவிடுவது, சருகு அள்ளிப் போடுவது, வேரில் கறையான் ஏறாமல் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அவளே இழுத்துப்போட்டுச் செய்வாள். ஒரே ஒரு வேலைதான் அவளுக்கு வராது. மரம் ஏறத் தெரியாது.

உச்சிக் கிளையில் எது காய், எது பழம் என்று தரையில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மூக்கன் இருந்தான். மூக்கன் ஓர் அணில். தோப்பிலேயே பொந்து, தோப்பிலேயே வேலை. விடிந்ததும் கிளை கிளையாக ஓடி ஒவ்வொரு கொய்யாவையும் முகர்ந்து பார்ப்பான். பதமாகப் பழுத்திருந்தால் காம்புப் பக்கம் ஒரே ஒரு பல்லை மட்டும் பதிப்பான். பிறகு காம்பைக் கடித்துக் கீழே விடுவான்.

"அக்கா, வடக்குக் கிளையிலேருந்து வருது. தள்ளி நில்லுங்க."

"சருகு மேல போடுலே. என் முதுகுல விழுந்தா பழம் சல்லடையாப் போயிரும்."

இப்படிப் பேசிக்கொண்டே இருவரும் கடகம் நிறைத்துவிடுவார்கள். சடைச்சி அந்த ஓலைக் கடகத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றங்கரை மருத மரத்தடிக்குப் போவாள். அங்கேதான் காட்டுச் சந்தை. குருவிகள் தினை கொண்டுவரும். பேச்சி என்ற முயல் வெள்ளரிக்காய் கொண்டுவருவாள். சுடலை என்ற காட்டுப்பன்றி கிழங்கு கொண்டுவருவான். ஒருவர் சரக்கை இன்னொருவர் மாற்றிக்கொள்வார்கள்.

கொய்யா வாங்க வருகிறவர்கள் முதலில் பழத்தைத் திருப்பிக் காம்புப் பக்கம்தான் பார்ப்பார்கள். பல் தடம் இருந்தால் கடகத்தில் போட்டுக்கொள்வார்கள். தடம் இல்லாத கொய்யாவை யாரும் சீந்துவதில்லை. "இதை மூக்கன் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

சடைச்சிக்கு அந்தத் தினைதான் முக்கியம். மழைக்காலம் வந்தால் ஆறு பொங்கி வழியெல்லாம் அடைபட்டுப் போகும். அந்த நாட்களில் அவளும் குட்டிகளும் வளைக்குள் உட்கார்ந்து சேர்த்து வைத்த தினையைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். தினை இல்லாவிட்டால் பட்டினிதான்.

இப்படி இருந்த காட்டில் தொப்பளான் அண்ணாச்சி கடை திறந்தார்.

தொப்பளான் ஒரு கரடி. அருவிக்குப் பின்னால் இருந்த பெரிய குகையில் வெகுகாலம் தூங்கிக்கொண்டு இருந்தவர். ஒரு நாள் தூங்கி எழுந்து பார்த்தால், என்றைக்கோ மறந்து வைத்த பழம் வாடாமல் இருக்கிறது. அருவியின் சாரலால் குகை எப்போதும் சில்லென்று இருந்தது. அண்ணாச்சிக்கு மூளை சுறுசுறுப்பானது. பாறைகளைத் தட்டு தட்டாக அடுக்கினார். எல்லாரையும் கூப்பிட்டார்.

"எதுக்கு வெயில்ல உட்காந்து வாடுதீய? கொண்டுவந்து என்கிட்ட கொடுத்துட்டு உடனே வீட்டுக்குப் போங்க. வாங்குதவங்களும் நேரே இங்க வரட்டும். எல்லாச் சரக்கும் ஒரே இடத்துல கிடைக்கும், வாடாது."

நல்ல யோசனைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சடைச்சி காலையில் கடகத்தை இறக்கிவிட்டுத் தினையை வாங்கிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் தோப்புக்குத் திரும்பிவிடுவாள். வாங்குகிறவர்களும் பிள்ளைகுட்டிகளோடு குகைக்குள் உலாத்தி, சில்லென்ற காற்று வாங்கி, வேண்டியதை எடுத்துப் போனார்கள். மருத மரத்தடிக்கு ஆள் வருவது குறைந்தது. பிறகு யாருமே வரவில்லை. சந்தை கூடிய இடத்தில் கறையான் புற்று எழும்பியது.

புற்று ஆளுயரம் ஆன பிறகுதான் குகை வாசலில் வெள்ளைச்சாமி வந்து நின்றார்.

வெள்ளைச்சாமி ஒரு கொக்கு. அண்ணாச்சி அவரைத் தரம் பார்க்கும் வேலைக்கு வைத்திருந்தார். வாசல் பாறையில் ஒற்றைக்காலில் நிற்பார். அலகில் ஒரு கொடி வளையம் தொங்கும். ஒவ்வொரு கொய்யாவையும் அந்த வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பார்.

"உரசாமல் விழுந்தால் சிறிசு. மாட்டிக்கொண்டால் பெரிசு. உரசிக்கொண்டு விழுந்தால்தான் தேறியது" என்றார்.

"தேறாட்டி?" என்று கேட்டாள் சடைச்சி.

"தேறியது குகைக்கு. தேறாதது கொண்டுவந்தவருக்கு. பொழுது சாய்வதற்குள் இங்கிருந்து எடுத்துப்போக வேண்டும். அதன் பிறகு அது உங்கள் பாடு, குகைக்குச் சம்பந்தமில்லை."

"யாரு ஐயா இந்தச் சட்டம் போட்டது?"

"வாடிக்கையாளர் விருப்பம்" என்றார் வெள்ளைச்சாமி, கண்ணை மூடிக்கொண்டு.

சடைச்சிக்கு ஒரு சந்தேகம். "ஐயா, தப்பா நினைக்காதீய. நீங்க கொய்யா தின்னுருக்கேளா?"

"நான் மீன் மட்டும்தான். அதனால்தான் அண்ணாச்சி என்னை வைத்திருக்கிறார். பாரபட்சம் வராது பாருங்கள்."

அதற்கு மேல் என்ன பேசுவது? சடைச்சி சரி என்று தலையாட்டினாள். பேச்சியும் தலையாட்டினாள். சுடலையும் தலையாட்டினான். அடுத்தவர் எதிர்த்துப் பேசட்டும், பிறகு நாமும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். எல்லாருமே காத்திருந்ததால் யாருமே பேசவில்லை.

தலையாட்டிப் பழகியவர்களிடம் சட்டங்கள் சுலபமாக வந்து சேரும். குகைக்குச் சரக்குக் கொடுப்பவர் தேறும் சரக்கை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. வெள்ளரி வளையக் கூடாது என்று பேச்சிக்கு ஒன்று. கிழங்கில் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று சுடலைக்கு ஒன்று. கழுவிய கிழங்கு சீக்கிரம் அழுகும் என்று சுடலை தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தான். "வாடிக்கையாளர் விருப்பம்" என்றார் வெள்ளைச்சாமி.

தேறாத சரக்கைத் திரும்ப இழுத்துப் போவது பெரிய அவமானமாக இருந்தது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் எல்லாரும் குகைக்குப் பின்பக்கம் சுற்றிப் போய், பாறை மறைவில் கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பினார்கள். தேறாததை யார் வாங்குவார்கள் என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது சடைச்சிக்கான சட்டம் வந்தது.

"கொய்யாவில் பல் தடம் இருக்கக் கூடாது" என்றார் வெள்ளைச்சாமி. "அது எச்சில். தோப்பில் அணில் இருப்பதே கூடாது."

சடைச்சி ஒரு பழத்தைத் திருப்பித் தடத்தைக் காட்டினாள். "ஐயா, அந்தத் தடத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் வாங்குவாங்க?"

"அது மருத மரத்தடியில். இது குகை."

அன்று அவள் கடகம் முழுவதும் தேறவில்லை. ஒரு பிடி தினைகூடக் கிடைக்கவில்லை. வளையில் தினைப் பானை பாதிக்குக் கீழே இருந்தது. மலைமேல் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. சடைச்சி தோப்பில் மூக்கன் பொந்து இருந்த மரத்தடியில் போய் நின்றாள். காலால் தரையைக் கீறினாள்.

"மூக்கா, கொஞ்ச நாளைக்கு நீ அக்கரைக்குப் போயிரேன்."

மூக்கன் தலைகீழாக இறங்கி வந்து பாதி மரத்தில் நின்றான். "நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. பல் தடம் ஆகாதாம்."

"யாருக்கு ஆகாதாம்?"

"வாங்குதவங்களுக்கு."

"அவுங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"வெள்ளைச்சாமி ஐயா சொன்னாரு."

"அவரு மீன் திங்குதவருல்லா."

"தெரியும்லே. எனக்குக் குட்டிங்க இருக்கு, மூக்கா. நான் என்ன செய்ய?"

மூக்கன் அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் கிளைவழியே ஓடி, ஆற்றின் மேல் சாய்ந்திருந்த மூங்கிலில் தாவி, அக்கரைக்குப் போய்விட்டான். அன்று அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

மறுநாள் முதல் கொய்யாவைப் பறிப்பது எப்படி? சடைச்சி மரத்தை முட்டினாள். உலுக்கினாள். பொலபொலவென்று விழுந்தது. பழுத்ததெல்லாம் தரையில் மோதிச் சிதறின, மிஞ்சியது காய். பச்சைப் பசேலென்று கல் மாதிரி இருந்தது. வளையத்தில் உரசும் அளவாகப் பொறுக்கி, ஈர இலையால் துடைத்துப் பளபளப்பாக்கி எடுத்துப் போனாள்.

வெள்ளைச்சாமி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து மகிழ்ந்து போனார். "முதல் தரம். இத்தனை நாளும் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?"

தொப்பளான் அண்ணாச்சியும் வந்து பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல். கொய்யாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்து ரசித்தார். சடைச்சிக்குத் தினை கிடைத்தது. அவள் அதைச் சந்தோஷமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தினையும் நிலைக்கவில்லை. சில நாளிலேயே அண்ணாச்சி எல்லாரையும் வாசலில் கூப்பிட்டார்.

"வாங்குதவங்க முகத்தைச் சுளிக்காங்க. வெள்ளரி வெறும் தண்ணியா இருக்காம். கிழங்கு அழுகுதாம். கொய்யா பல்லை உடைக்குதாம். இனிமே ருசியும் வேணும். ருசி இல்லாதது தேறாது."

"அண்ணாச்சி, கொய்யாவுக்கு ருசி மரத்துல வரணும்" என்றாள் சடைச்சி. "பழுக்க விட்டாத்தான் ருசி. எது பழுத்ததுன்னு மூக்கன் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"தடம் இருக்கக் கூடாது, பளபளப்பு இருக்கணும், ருசியும் இருக்கணும். எப்படிக் கொண்டுவருவீங்கன்னு என்கிட்ட கேக்காதீங்க. அது உங்க பாடு."

அன்றும் கடகம் முழுவதும் தேறவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டாள். நண்பனைத் துரத்தினாள். அப்படியும் பானை நிறையவில்லை. அருவிச் சத்தத்துக்கு மேலே இடி உருண்டது. மழை எந்த நாளும் இறங்கலாம்.

சடைச்சி கடகத்தை இழுத்துக்கொண்டு குகைக்குப் பின்பக்கம் போனாள். பாறை மறைவில் யாரோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

தேறாத சரக்குக் குவியலைச் சுற்றி ஒரு மந்திக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. நடுவில் உலகம்மாள். காட்டிலேயே பெரிய குடும்பம் அவளுடையது. குகையில் அவளைவிட அதிகம் வாங்குகிறவர் கிடையாது. அவள் குவியலைக் கிளறி, வளைந்த வெள்ளரிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கொய்யாவையும் திருப்பிக் காம்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சடைச்சி, வா" என்றாள், கொஞ்சம்கூட வெட்கப்படாமல். "பல் தடம் போட்ட பழம் இப்பல்லாம் கிடைக்கதே இல்லையே. மூக்கனுக்கு உடம்பு சரியில்லையா?"

சடைச்சி கயிற்றை நழுவ விட்டாள். "என்ன இப்படிக் கேக்குதீய? தடம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீய?"

"நானா? எப்போ?"

"வாடிக்கையாளர் விருப்பம்னு வெள்ளைச்சாமி ஐயா சொன்னாரே."

உலகம்மாள் கையிலிருந்த வெள்ளரியைக் கீழே வைத்தாள். "எங்ககிட்ட அண்ணாச்சி வேற மாதிரில்லா சொன்னாரு. இப்ப தோட்டக்காரங்க இப்படித்தான் விளைவிக்காங்க, இதுதான் கிடைக்கும், வேணும்னா எடு வேண்டாட்டி போன்னாரு. சரி, சடைச்சிக்கு வயசாயிருச்சு போல, முன்ன மாதிரி முடியல போலன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்."

"எனக்கு என்ன வயசாச்சு?" என்று சடைச்சி முள்ளைச் சிலிர்த்தாள்.

"கோவிச்சுக்காத. அங்க தட்டுல இருக்கதை எடுக்கோம். வேற எதுவும் இல்லைன்னா வேற என்ன செய்ய? அது வாயில வைக்க விளங்கலைன்னா பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்க வந்துருவோம்."

சடைச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கை காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கை காட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சந்தித்துப் பேசாதவரை இது நன்றாகவே நடந்திருக்கிறது. மருத மரத்தடியில் இந்தப் பேச்சு ஒரு நாள்கூடச் செல்லுபடியாகி இருக்காது.

அவள் நேராக ஆற்றங்கரைக்குப் போனாள். அக்கரையில் இலுப்பை மரத்தில் மூக்கன் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூக்கா" என்று கூப்பிட்டாள்.

"யாரு அது? எச்சில் பல்லுக்காரனைத் தேடி யாரு வந்திருக்கா?"

"தப்பு பண்ணிட்டேன்லே. உன்கிட்ட பேசாம, அவங்ககிட்டயும் கேக்காம, நடுவுல நின்னவரு சொன்னதைக் கேட்டு உன்னை அனுப்பிட்டேன். மன்னிச்சிரு."

மூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு ஒரு கண்ணால் பார்த்தான். "தெக்குக் கிளைப் பழமெல்லாம் இந்நேரம் பழுத்து வெடிச்சிருக்குமே. உலுக்கினா அது விழுந்து சிதறிரும், காய்தான் முழுசா மிஞ்சும். தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் மரம் ஏறத் தெரியாதே."

அதைக் கேட்டதும் மூக்கன் சிரித்துவிட்டான். மூங்கிலில் தாவி இக்கரைக்கு வந்தான். சடைச்சி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேசாம மருத மரத்தடிக்கே போயிருவோம்" என்றான் மூக்கன்.

"தேறும் சரக்கை வெளியே கொடுக்கக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டோம்லே. மீறினா தட்டுல இடம் கிடையாதுன்னு சொல்லிருவாரு. பேச்சியும் சுடலையும் பயப்படுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "மூக்கா, தேறும் சரக்கைத்தானே கொடுக்கக் கூடாது?"

"ஆமா."

"தேறாதது யாருக்கு?"

"கொண்டுவந்தவருக்குன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க."

சடைச்சியின் முதுகில் இருந்த முள்ளெல்லாம் சந்தோஷத்தில் சலசலத்தன. "அப்போ நீ உன் சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிடு. பழுத்த பழம் ஒண்ணு விடாம எல்லாத்துலயும் பல்லைப் பதி."

பேச்சியிடமும் சுடலையிடமும் அவள் விஷயத்தைச் சொன்னாள். உலகம்மாள் வாங்குகிறவர்களிடமும் குருவிகளிடமும் சொல்லி அனுப்பினாள். மந்திகள் மூலம் போன செய்தி காட்டின் கடைசி மூலைவரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை குகை வாசலில் என்றுமில்லாத கூட்டம். கடகம் கடகமாகச் சரக்கு வந்து இறங்கியது. வெள்ளைச்சாமி வளையத்தைச் சரிசெய்துகொண்டு வேலையை ஆரம்பித்தார்.

"பல் தடம். தேறாது."

"சரிங்க ஐயா" என்று சடைச்சி பழத்தைக் கடகத்தில் போட்டாள்.

"இதிலும் தடம். தேறாது. இதிலும். இதிலும்."

"சரிங்க ஐயா."

பேச்சியின் வெள்ளரிகள் அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. சுடலையின் கிழங்குகளில் அப்பிய மண்ணில் ஒரு செடி நடலாம். வெள்ளைச்சாமி கழுத்து வலிக்க அதை வளைத்து வளைத்துப் பார்த்து, "தேறாது, தேறாது" என்று தள்ளினார். வழக்கமாகக் கெஞ்சுகிறவர்கள் இன்று ஒருவரும் கெஞ்சவில்லை. மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டுக் குகையின் பின்பக்கம் போனார்கள். எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று வெள்ளைச்சாமி நினைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் அவர் பெருமையோடு உள்ளே போனார். "அண்ணாச்சி, இன்றைக்குத் தேறாதது ஒன்றைக்கூட நான் உள்ளே விடவில்லை."

தொப்பளான் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார். தட்டுகளைப் பார்த்தார். மேல் தட்டு காலி. கீழ்த் தட்டு காலி. கோபுரம் கட்டும் பாறையில் ஒரு நத்தை மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

"தேறினது எங்க?"

"ஒன்றும் தேறவில்லை, அண்ணாச்சி" என்றார் வெள்ளைச்சாமி.

"வாங்குதவங்க எங்க?"

வாங்குகிறவர்களும் இல்லை. பின்பக்கமிருந்து மட்டும் ஒரே சிரிப்பும் கூச்சலுமாகக் கேட்டது. அண்ணாச்சி வெளியே வந்து பாறையைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே திருவிழாக் கூட்டம். மந்திகள் கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடித்துக்கொண்டிருந்தன. மான்கள் வளைந்த வெள்ளரியை நறுக்கு நறுக்கென்று தின்றுகொண்டிருந்தன. குருவிகள் தினையைக் கொண்டுவந்து சடைச்சியின் கடகத்தில் கொட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன அநியாயம்?" என்று அண்ணாச்சி உறுமினார். "என் குகைக்குப் பின்னாலயே நின்னு, என்கிட்ட வாங்குதவங்களுக்கே வெளியில சரக்குக் கொடுக்குதீயளா? பேசின பேச்சு என்ன ஆச்சு?"

பேச்சி சடைச்சியின் பின்னால் ஒளிந்தாள். முன்பென்றால் சடைச்சியும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருந்திருப்பாள். இன்று காத்திருக்கவில்லை.

"பேச்சை மீறலை அண்ணாச்சி. தேறும் சரக்கைத்தான் வெளியே கொடுக்கக் கூடாது. இது ஒண்ணும் தேறலையே. தேறாதது எங்களுக்குன்னு நீங்க போட்ட சட்டம்தானே?"

அண்ணாச்சி வெள்ளைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா சட்டம்?"

வெள்ளைச்சாமி நேர்மையான கொக்கு. சட்டம் என்று வந்துவிட்டால் அண்ணாச்சியே ஆனாலும் அவருக்கு ஒன்றுதான். "அப்படித்தான் அண்ணாச்சி. தேறாதது கொண்டுவந்தவருக்கு. அதன் பிறகு குகைக்குச் சம்பந்தமில்லை. நானே தினமும் சொல்கிறேன்."

உலகம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தடம் வேண்டாம்னு நாங்க சொன்னோமாமே. எங்கள்ல யாரு சொன்னது? கை தூக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

ஒருவரும் கை தூக்கவில்லை. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"யாரும் சொல்லல" என்றார் மெல்ல. "ஒரே அளவா இருந்தாத்தான் கோபுரம் சரியாம நிக்கும். அடுக்கிப் பார்க்க எனக்கு ஒரு ஆசை. காயா இருந்தா ரொம்ப நாள் வரும், நானும் நிம்மதியாத் தூங்கலாம். எனக்கு வேணும்னு சொன்னா நீங்க கேப்பீங்களோ மாட்டீங்களோன்னு உங்க பேரைச் சொல்லிட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் சடைச்சி சிரிக்கவில்லை. "உங்க கோபுரத்துக்காக நான் இவனைத் தோப்பை விட்டே அனுப்பினேன், அண்ணாச்சி. என் குட்டிங்க மழையில பட்டினி கிடந்திருக்கும். ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம்."

மூக்கன் ஒரு கொய்யாவை உருட்டிக்கொண்டு போய் அண்ணாச்சியின் காலடியில் நிறுத்தினான். காம்புப் பக்கம் ஒரு பல் தடம் இருந்தது. அண்ணாச்சி அதை எடுத்து முகர்ந்தார். ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மீதியை அப்படியே வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"கடை திறந்த நாள்லேருந்து இப்படி ஒரு பழம் நான் தின்னதே இல்லையே" என்றார். "பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கேன்."

கோபம் தணிந்த பிறகு பேச்சு சுலபமாக நடந்தது. குகையின் குளிர்ச்சி எல்லாருக்கும் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. மழைக்காலத்தில் பழம் கெடாமல் இருக்க வேறு இடம் ஏது? ஆனால் இனிமேல் எந்தச் சட்டமானாலும் விளைவிப்பவர், தின்பவர், குகைக்காரர் மூன்று தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி, மூன்று தரப்பும் சரி என்ற பிறகுதான் நடப்புக்கு வரும். வேண்டியவர் மருத மரத்தடியிலும் மாற்றிக்கொள்ளலாம். தேறவில்லை என்று தள்ளினால் காரணத்தைத் தின்கிறவர் முன்னால் சொல்ல வேண்டும்.

தோப்பு வேலை முடிந்ததும் தரம் பார்க்க வாசல் பாறையில் மூக்கன் உட்கார்ந்தான். வெள்ளைச்சாமியைக் குகையில் புதிதாகத் தொடங்கிய மீன் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் அவர் காட்டிய ஆர்வத்தை முன்பு யாரும் பார்த்ததில்லை. வந்த மீனெல்லாம் எங்கே போகிறது என்றுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அன்று மாலை சடைச்சி கடகம் நிறையத் தினையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வளை வாசலை அடையும்போது முதல் மழை இறங்கியது. குட்டிகள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்து இழுத்தன. பானை நிறைந்து, மிச்சத்தை எங்கே வைப்பது என்று அவள் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருந்தது.

விளைவிப்பவரையும் உண்பவரையும் கேட்காமல் இருவர் பெயரிலும் நடுவில் நிற்பவர் சட்டம் போட்டால், கடைசியில் மூவருக்குமே நல்ல உணவு கிடைக்காது.